சைவ டைனோசருக்கு ஒரு பாலாலயம்

ஒரு டைனோசருக்கு நான் மாட்டுக் குளம்பு ஒட்டியிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம். தெரிந்தேதான் செய்தேன். காரணம் சோம்பேறித்தனம். போதாததற்கு, பார்த்துவிட்டுக் கேட்டவர்களிடம் எல்லாம், "ஆராய்ச்சியில அப்பிடித்தான் போட்டிருக்குது" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த ஆராய்ச்சி ஒரு நாள் காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திருவண்ணாமலையில் வேங்கிக்கால் தாண்டி, புது மனைகளுக்குக் கல் நட்டிருக்கிற பக்கம். காலை பத்து மணி வெயில். இருபது அடி நீளத்துக்கு நிற்கிற என் டைனோசரின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து, பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பெயின்ட் டைனோசர் மேல், மீதி என் மேல். அப்போது செருப்பு போட்ட இரண்டு கால்கள் வந்து பக்கத்தில் நின்றன.

"சார், இந்தக் குளம்பு யாரோட ஐடியா?"

பெண் குரல். அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்திலேயே இது விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்துபோனது. பிரஷ் நழுவி வயிற்றில் விழுந்தது. என் வயிற்றில். டைனோசரின் வயிறு நிம்மதியாகத்தான் இருந்தது.

முட்டிக்குக் கீழே

முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நான் பச்சையப்பன். கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்தவன். செங்கல், சிமெண்ட், சுண்ணாம்பு வைத்து உருவம் பிடிக்கிற வேலை. பத்தொன்பது வருஷம் ஒரே ஸ்தபதியிடம் இருந்தேன். அந்தப் பத்தொன்பது வருஷமும் நான் செய்தது கால்கள் மட்டும்.

"முகத்துக்குப் பொறும வேணும்டா பச்ச. உனக்கு இருக்கிற பொறுமைக்கு முட்டிக்குக் கீழ போதும்" என்று முதல் வருஷமே ஸ்தபதி சொல்லிவிட்டார். அதை மாற்றிச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. துவாரபாலகர் கெண்டைக்கால், அசுரன் கட்டைவிரல், ரிஷபத்தின் குளம்பு. எத்தனை கோபுரம் இருக்கும்! ஜனங்கள் கும்பிடுவது பாதத்தைத்தானே, அப்படியானால் மொத்தக் கும்பிடும் எனக்குத்தான் என்று செல்வியிடம் பெருமை பேசுவேன்.

செல்வி என் மனைவி. கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். "மாட்டுக்குக் கோமாரி நோய்கூட கால்லதான் வருது" என்பாள்.

கோபுரத்தில் பேர் எழுதுகிற வழக்கம் கிடையாது. முகம் செய்தவனுக்கே பேர் இல்லை, முட்டிக்குக் கீழே செய்தவனை யார் கேட்கப் போகிறார்கள்? இப்படியே ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

கறி தின்றது வேணாம்

அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணன் கூப்பிட்டார். ஊருக்குள் ஏற்கெனவே மெஸ் வைத்திருப்பவர். வேங்கிக்கால் பக்கம் பெரிதாக ஒரு சைவ ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் குழந்தைகள் விளையாட இடம், நடுவில் ஒரு டைனோசர். இதுதான் அவர் கனவு.

"ஆனா ஒண்ணு, பச்ச. கறி தின்ற டைனோசர் வேணாம். கிரிவலம் சுத்திட்டு வர்றவங்க சாப்பிட வர்ற எடம். சுத்த சைவம்னு போர்டு மாட்டிட்டு, வாசல்ல பல்லக் காட்டிக்கினு ஒண்ணு நின்னா நல்லாவா இருக்கும்?"

"சைவத்துல டைனோசர் இருக்குதாண்ணா?"

"இருக்கும். தேடு."

தேடினேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு படப் புத்தகத்தில், வாத்து மாதிரி மூக்கோடு ஒன்று இலை தின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே அதன் எலும்புக்கூடு படமும் இருந்தது. அண்ணனிடம் காட்டினேன். நாலு காலையும் ஊன்றி நடக்குமா என்று கேட்டார். நடக்கும் என்றேன். அவருக்குத் திருப்தி. இரண்டு காலில் நிற்கிற பிராணிமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"முடிச்சுக் குடு. பீடத்துல உம் பேரக் கல்லுல வெட்டி வெக்கிறேன்."

இதைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. தலை முதல் வால் வரை நான் ஒருத்தனே செய்யப்போகிற முதல் உருவம். கீழே என் பேர். கூடவே அவர் இன்னொன்றும் சொன்னார். திறப்பு விழா முகூர்த்தத்துக்குள் முடியவில்லை என்றால், சென்னையிலிருந்து ரெடிமேட் ஃபைபர் பொம்மை லாரியில் வந்து இறங்கும். அந்தப் பொம்மைக்குக் கீழே யார் பேரும் இருக்காது.

கம்பி கட்டி, வலை போட்டு, சிமெண்ட் பூசினேன். முகத்துக்கு மட்டும் இருபது நாள். பத்தொன்பது வருஷத்து ஆசை. கடைசியில் கால் வந்தது. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதனாலேயே, "இதுல என்ன இருக்குது" என்று தோன்றிவிட்டது. மூலையில் ஒரு பழைய அச்சு கிடந்தது. ஒரு கிராமத்துக் கோயில் வளைவுக்கு, சிவன் பார்வதியைச் சுமந்துகொண்டு நிற்கிற பெரிய ரிஷபம் செய்தபோது எடுத்தது. அதில் நாலு குளம்பு வார்த்து ஒட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூக்கில் பச்சையோடு ஒரு முனிவர்

வயிற்றுக்குக் கீழே இருந்து ஊர்ந்து வெளியே வந்தேன். வந்து நின்றவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பேர் நித்யா. அரியலூர்க்காரர். வடக்கே ஒரு மியூசியத்தில் வேலை. பூமியிலிருந்து எடுத்த கல்லை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, எலும்பைச் சுற்றி இருக்கிற மண்ணை ஊசியால் சுரண்டி எடுக்கிற வேலை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர், டைனோசரைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

"குளம்பு பத்தி நிஜமாத்தான் கேக்கறேன் சார். இந்த வகைக்குப் பின்னங்கால்ல குளம்பு இருந்துச்சுன்னு இப்ப சமீபத்துலதான் தெரியவந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அறிஞர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கோபுரத்து முனிவர்களை நினைத்துக்கொண்டு அரைக் கண்ணை மூடினேன். மூக்கு நுனியில் பச்சைப் பெயின்ட்.

"எல்லாம் படிச்சதுதான் மேடம்."

அவர் குனிந்து உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். "ஆனா இது ரெண்டா பிளந்திருக்கே? பின்னங்கால்ல மூணு விரல், மூணு குளம்புல்ல இருக்கணும்? முன்னங்கால் வேற மாதிரி, விரலெல்லாம் ஒரே உறைக்குள்ள இருக்கும். இதப் பாத்தா மாட்டோடது மாதிரி..."

"மாட்டோடதுதான் மேடம்."

சொல்லிவிட்டேன். அச்சு, டீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்து மனையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு நிமிர்ந்து பார்த்தது. சோம்பேறித்தனமாகப் போய் உண்மையில் இடித்துக்கொண்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்றார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

அப்புறம் எழுந்து சிலையை ஒரு சுற்று சுற்றிவந்தார். சிரிப்பு போய்விட்டது.

"கோச்சுக்காதீங்க சார். இது ஏன் பட்டினி கெடக்குது?"

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இதே கேள்வியை இரண்டு மாசம் முன்னால் செல்வி கேட்டாள். "ஏங்க, இதுக்கு யாரும் தீவனம் வெக்கிறதில்லியா? வெலா எலும்பு தெரியுது?" என்றாள். "டைனோசர் இன்னா உங்க மருந்தகத்து மாடா?" என்று நான் கேட்டேன். பெரிய பதில் சொல்லிவிட்டதாக அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு.

யானை எலும்பில் தும்பிக்கை இல்லை

சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, டம்ளரில் டீ குடித்தபடி நித்யா சொன்னார்.

"நீங்க எலும்பப் பாத்து, எலும்புக்கு மேல தோலப் போத்திட்டீங்க சார். எல்லாரும் பண்றதுதான். ஒரு யானை எலும்புக்கூட்ட யானையே பாக்காத ஒருத்தர்கிட்ட குடுங்க. தும்பிக்கை எங்க இருந்து வரும்? அதுல எலும்பே இல்ல. சேவல் கொண்டையிலயும் எலும்பு இல்ல. இதே குடும்பத்துல ஒண்ணுக்குத் தலைமேல சேவல் மாதிரி சதைக் கொண்டை இருந்துச்சு. தோலோட பதிவு கெடைச்சதாலதான் அது தெரிஞ்சுது. எலும்ப மட்டும் வெச்சு எத்தன நூறு வருஷம் பாத்தாலும் தெரிஞ்சிருக்காது."

நான் என் தொந்தியைப் பார்த்துக்கொண்டேன். பல கோடி வருஷம் கழித்து என் எலும்பு மட்டும் கிடைத்தால், ஒல்லியாக, கட்டுமஸ்தாக வாழ்ந்த ஒரு ஆண்மகன் என்று படம் போடுவார்கள். உள்ளபடி சொன்னால், அந்த ஆராய்ச்சியில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

"சரி, தோலும் சதையும் அழுகிடும்ல? எப்பிடி மேடம் கெடைக்குது?"

"பெரும்பாலும் கெடைக்காது. எப்பவாவது ஒண்ணு. மழை இல்லாத காலத்துல மிருகம் செத்துக் கெடக்கும். வெயில்ல காஞ்சு, தோல் அப்படியே ஒடம்போட ஒட்டிக்கும். திடீர்னு வெள்ளம் வந்து மணல்ல மூடிடும். அப்ப தோல்மேல ரொம்ப மெல்லிசா ஒரு களிமண் படலம் படியும். முட்டை ஓட்டு கனம்கூட இருக்காது. அப்புறம் தோல் அழுகிப் போயிடும். அந்தக் களிமண் மட்டும், தோல் எப்படி இருந்துச்சோ அதே உருவத்துல நின்னுடும்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "மேடம், அது எங்க வேல! அச்சு எடுக்கிறது! மண்ணே சுதை வேல பண்ணியிருக்குது!"

"ஆமா சார். அதுல குளம்பும் இருந்துச்சு. முதுகுமேல ஓடற சதை முகடு இருந்துச்சு. வால்மேல ஒரே வரிசையில முள்ளு இருந்துச்சு."

டம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் காலத்தில் தோண்டியவர்கள் எலும்பு தேடுகிற அவசரத்தில், இப்படிப்பட்ட தோலை எல்லாம் வெறும் மண் என்று கொத்திப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"நானும் ஒரு தடவ பண்ணியிருக்கேன். வேற ஒரு சின்ன பிராணி. வேலைக்குச் சேந்த புதுசு. எலும்பு பளிச்சுன்னு வரணும்னு ஊசியால தள்ளிட்டேன். தள்ளினப்புறம்தான் தெரிஞ்சுது, அது செதிளோட பதிவுன்னு. ஒரு நகம் அளவுதான். இன்னைக்கும் அந்த எடம் கண்ணுக்குள்ள இருக்கு."

தோளில் ஒரு மடிப்பு

கிளம்பும்போது போனில் ஒரு படம் காட்டினார். கல்மாதிரி ஒன்று. பழுப்பு நிறம். பொடிப்பொடியாகச் செதிள். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் விரலால் பெரிதாக்கினார்.

தோள்பட்டை. அங்கே தோல் இரண்டாக மடிந்து, ஒரு சுருக்கம் விழுந்திருந்தது.

சட்டை கைமடிப்பில் விழுகிற சுருக்கம் மாதிரி. கையைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, ஒரு ஆயுசு பூரா நடந்ததால் விழுந்த சுருக்கம். அதுவரைக்கும் டைனோசர் என்றால் எனக்கு ஒரு ஆர்டர். கம்பி, சிமெண்ட், பச்சைப் பெயின்ட். அந்த மடிப்பைப் பார்த்தபோது, இது நிஜமாகவே எங்கேயோ நின்று, காலை மாற்றிப் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறது என்று உறைத்தது. கண்ணில் என்னமோ விழுந்துவிட்டது. சிமெண்ட் தூசி என்று அவரிடம் சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் மாத்த வேணாம் சார். குழந்தைங்களுக்கு இது போதும். என் வாய்தான் சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மைதான். மாற்ற வேண்டியதில்லை. ஏகாம்பரம் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சும்மா இருந்தால் பேர் வந்துவிடும். கை வைத்தால் பேரும் போகலாம்.

அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்தது மூன்று தடவைதான், செல்வி கணக்கு வைத்திருக்கிறாள்.

கண் திறந்த பிறகு

மறுநாள் காலை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

எங்கள் தொழிலில் கண் திறப்புதான் கடைசி. உருவம் முடிந்து, கண்ணில் கருவிழி தீட்டிவிட்டால் அதற்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதன்மேல் உளி படக்கூடாது. நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே. முதல் முழு உருவம், முதல் கண். வயிற்றுக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாலேயே, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து கண்ணைத் திறந்துவிட்டேன்.

மருந்தகத்துக்குப் போகிற வழியில் செல்வி வண்டியை நிறுத்தினாள்.

"இன்னாங்க, உளியப் புடிச்சிக்கினு செல மாதிரி நின்னுனு இருக்கீங்க?"

"பாக்குது செல்வி."

"யாரு?"

"இதுதான். கண்ணத் தொறந்துட்டு வெலாவுல எப்பிடி வெட்றது?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டைனோசரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அவ்ளோ பெரிய கோயிலுக்கே, கும்பாபிஷேக வேல ஆரம்பிக்கிறதுக்கு மின்ன பாலாலயம் பண்ணிட்டுத்தான கைய வெக்கிறீங்க? இதுக்கும் ஒண்ணு பண்ணுங்க. எனக்கு டைம் ஆவுது."

வண்டி போய்விட்டது. நான் உளியைக் கீழே வைத்தேன். கோயிலில் திருப்பணி செய்யும்போது, சாமியின் சக்தியைக் கலசத்துக்கும் பலகைக்கும் மாற்றி வேறு இடத்தில் வைத்துப் பூஜை செய்வார்கள். அதுதான் பாலாலயம். அதற்கப்புறம்தான் எங்களை மாதிரி ஆட்கள் சாரம் கட்டி ஏறுவோம். பத்தொன்பது வருஷம் அதைப் பார்த்தவனுக்குத் தோன்றவில்லை, மாட்டுக்கு ஊசி போடுகிறவளுக்குத் தோன்றியது.

ஆனால் முதலில் ஏகாம்பரம் அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார்.

"பதினோரு நாள் இருக்குது. நீ இடிக்கிறேன்ற."

"இடிக்கலண்ணா. சத போடறேன்."

"இப்ப நல்லாத்தான இருக்குது? பேஜார் பண்ணாத பச்ச."

"பட்டினியா இருக்குதுண்ணா. எலும்பு தெரியுது பாருங்க." எங்கிருந்து வந்ததோ, அடுத்த வார்த்தை தானாக வந்தது. "ஓட்டல் வாசல்ல."

அண்ணன் எழுந்து நின்று பார்த்தார். சுத்த சைவ ஓட்டல் வாசலில், விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி ஒரு சைவப் பிராணி. அவர் முகம் மாறியது.

"அடப்பாவி. ரெண்டு மாசமா இத எங்கிட்ட சொல்லலியே நீ!"

பத்தாம் நாள் சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். முடிந்திருக்காவிட்டால் மறுநாள் லாரி. பேர் வெட்ட வாங்கிய கல்லைச் சட்னி அரைக்க எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

பாலாலயத்துக்குத் தேங்காய், வெற்றிலை எல்லாம் அவரே கொண்டுவந்தார். சக்தியை மாற்றி வைக்கத் தேரடித் தெருவில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் வாங்கி வந்திருந்தேன். கடையில் இருந்தது ஒரே மாதிரிதான், வாய் நிறையப் பல்.

"இது கறி தின்றது மாதிரி இருக்குதே?"

"பத்து நாளைக்குத்தானண்ணா. வாடகைக்கு."

அரை மனசோடு சூடம் ஏற்றினார். பெரியதன் கண்ணில் மஞ்சள் துணி கட்டினேன். சின்னதைக் கல்லாப்பெட்டி மேஜைமேல் கிழக்குப் பார்த்து வைத்தோம். அப்புறம்தான் உளி விழுந்தது.

மைனா தின்ற அச்சு

அந்தப் பத்து நாளை இப்போது நினைத்தாலும் முதுகு வலிக்கிறது.

சதை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. செல்வி என்னை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய், ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவின் தொடையில் என் கையை வைத்தாள். "இங்க தொட்டுப் பாருங்க. கால இழுக்கிற சத இங்கிருந்துதான் பொறப்படும்" என்றாள். அமுக்கிப் பார்த்தேன். பசு உதைத்தது. எங்கிருந்து புறப்படுகிறது என்று அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

டைனோசர் பசு இல்லை, வால் பக்கத்துச் சதை தொடையை இழுக்கிற விதமே வேறு என்று நித்யா வந்து திருத்தினார். அம்மா தியானத்துக்குப் போகிற நேரத்தில் அவர் இங்கே வந்துவிடுவார். அவரும் செல்வியும் டைனோசரின் இடுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் சாந்துக் கரண்டியோடு நடுவில் நின்றேன். ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியாது, தொடை நன்றாக வந்தது.

கழுத்தைத் தடியாக்கினேன். தரையில் இழுபட்ட வாலை அறுத்து, தூக்கி, மறுபடி கம்பி கட்டினேன். முதுகில் சதை முகடு, வாலில் முள் வரிசை.

"தலையில அந்தக் கொண்டையும் சேத்து வெச்சிரட்டுமா?"

"வேணாம் சார். அது இதோட பெரியப்பா பையன். அவங்க வீட்டு நக இங்க வேணாம்."

செதிள்தான் பெரும்பாடு. நான் முதலில் ரூபாய்க் காசு அகலத்துக்குப் போட்டிருந்தேன். இதற்குப் பெரும்பாலும் பொடிச் செதிள், ஏறக்குறைய கம்பு தானியம் மாதிரி என்றார் நித்யா. கம்பு என்று சொன்னதும் யோசனை வந்தது. ஒரு பலகையில் ஈரக் களிமண் பூசி, கம்பை நெருக்கமாகப் பதித்து, அதன்மேல் ரப்பர் அச்சு எடுத்து, அந்த அச்சை வைத்துப் பூச்சில் அழுத்திக்கொண்டே போகலாம். களிமண் இறுகட்டும் என்று வெயிலில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனால் பலகைமேல் ஐந்தாறு மைனா. ஒரு கம்பு மிச்சம் இல்லை.

இரண்டாவது பலகைக்குக் கொசுவலை கட்டினேன்.

தோள்பட்டைக்கு வந்தபோது எல்லாரையும் போகச் சொன்னேன். பூச்சு ஈரமாக இருக்கும்போதே, என் கையைத் தூக்கித் தூக்கி இறக்கி, அக்குள் பக்கம் தோல் எப்படி மடிகிறது என்று பார்த்துப் பார்த்து இழைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் டைனோசருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது மாதிரி இருந்திருக்கும்.

கடைசியில் கால். இந்தத் தடவை அச்சு இல்லை. மூன்று நாள் தரையில் குந்தி உட்கார்ந்து, பின்னங்கால் ஒவ்வொன்றுக்கும் மூன்று விரல், மூன்று குளம்பு, பின்னால் சதை மெத்தை, முன்னங்காலுக்கு விரலை மூடின ஒரே உறை என்று கையாலேயே பிடித்தேன். பத்தொன்பது வருஷம் சலித்துக்கொண்டே செய்த வேலை. ஒரு காலைச் செய்வதில் இவ்வளவு இருக்கிறதா என்று அப்போதுதான் தோன்றியது. ஸ்தபதி பார்த்திருந்தால், முட்டிக்குக் கீழே நல்லாத்தான் இருக்குதுடா என்றிருப்பார்.

வர்ணம் என்ன என்று நித்யாவிடம் கேட்டேன்.

"இதுக்குத் தெரியாது சார். சில டைனோசருக்கு இறகுலயோ தோல்லயோ நிறத்தோட மிச்சம் இருந்து தெரிஞ்சிருக்கு. ஒண்ணு மேல செம்பழுப்பு, அடியில வெளிர்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இதுக்கு உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம். என் தொழிலில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. பச்சையைச் சுரண்டிவிட்டு, செல்வியைக் கேட்டேன். மயிலை மாட்டு நிறம் அடிக்கச் சொன்னாள். முதுகில் சாம்பல், வயிற்றில் வெளுப்பு. அதையே அடித்தேன். என் இஷ்டம் அதுதான்.

பத்தாம் நாளும் அதற்கு மறுநாளும்

ஏகாம்பரம் அண்ணன் சொன்னபடி வந்தார். சிலையை ஒரு சுற்று சுற்றினார். வயிற்றுப் பக்கம் நின்று, உள்ளங்கையால் பலமாக ஒரு தட்டு தட்டினார்.

"இப்பதான் நம்ம ஓட்டல்ல சாப்ட்டது மாதிரி இருக்குது."

ராத்திரிக்குள் பேரை வெட்டித் தரச் சொல்லி, கல்வெட்டுக்காரருக்கு அங்கேயே போன் போட்டார்.

மறுநாள் திறப்பு விழா. விடிந்ததும் பல்லுக்காரப் பிளாஸ்டிக்கிடமிருந்து சக்தியை வாங்கித் திருப்பிக் கொடுத்து, துணியை அவிழ்த்து, கண்ணைத் தீட்டினேன். இரண்டாவது கண் திறப்பு. இந்தத் தடவை அது என்னைப் பார்த்தது எனக்கு உறுத்தவில்லை.

பத்து மணிக்கெல்லாம் கூட்டம். குழந்தைகள் வாலில் முள்ளைப் பிடித்து ஏறின. கிரிவலம் முடித்துவிட்டு வந்த ஒரு பெரியவர், பின்னங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இட்லி சாப்பிடப் போனார். வேலூரிலிருந்து வந்த ஒருத்தர், "இன்னாபா, டைனோசருக்குக் குளம்பா?" என்று கேட்டார். "ஆமாங்க, ஆராய்ச்சியில அப்பிடித்தான் போட்டிருக்குது" என்றேன். அதே வாக்கியம்தான். இந்தத் தடவை கூசவில்லை.

மதியம் நித்யா வந்தார். அன்றைக்கு ஊருக்குக் கிளம்புகிறார், அம்மா ஆட்டோவில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நித்யா நேராகத் தோள்பட்டைக்குப் போய், அந்த மடிப்பில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"சரியா இருக்கு சார்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பீடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள், அதைத் துடைத்துவிட்டேன். கருங்கல்லில் ஆழமாக வெட்டி, வெள்ளை அடித்து, 'ப. பச்சையப்பன், திருவண்ணாமலை'.

"இனிமே இதுல யாரும் ஒரு கொறையும் சொல்ல முடியாதுல்ல மேடம்?"

அவர் பேரை ஒரு தடவை படித்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"நல்லவேள பேர் போட்டீங்க சார். இன்னும் பத்து வருஷத்துல இதுலயும் பாதி தப்புன்னு தெரியவரும். அப்ப யாரக் கூப்ட்டு ஒடைக்கச் சொல்றதுன்னு தேட வேண்டியதில்ல."